வேகமா மூச்சு வாங்கினா ஆக்சிஜன் ஏறாது, தங்கச்சி

படபடப்பு வந்தா வாயைத் திறந்து வேக வேகமா மூச்சு வாங்குறியே, அதை முதல்ல விடு. ஆரோக்கியமா இருக்குறவங்களுக்குச் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே தமனி ரத்தத்துல ஆக்சிஜன் அளவு 95-லேருந்து 100 சதவீதம் வரைக்கும் இருக்கும். ஏற்கெனவே 98-ல நிக்கிறதை இன்னும் எங்கே ஏத்துவே? அதுக்குப் பதிலா ரத்தத்துல இருக்குற கார்பன் டை ஆக்ஸைடுதான் மளமளன்னு வெளியே போகும். அது குறைஞ்சா மூளைக்குப் போற ரத்தக்குழாய் சுருங்கும். தலை கிறுகிறுக்கும், உதடும் விரல் நுனியும் மதமதன்னு மரத்துப்போகும். ஆக்சிஜன் பத்தலைன்னு பயந்து இன்னும் வேகமா இழுப்போம், கிறுகிறுப்பு இன்னும் கூடும்.

அந்த நேரத்துல வயித்துமேல கையை வை. மூக்கு வழியா இழு, கை மேலே எழும்பணும். இழுத்த நேரத்தைவிட விடுற நேரம் கூடுதலா இருக்கட்டும். சாதாரணமா ஒரு மூச்சுல 500 மில்லி காத்து உள்ளே போகும். அதுல சுமார் 150 மில்லி மூச்சுக்குழாயோட நின்னுடும், ரத்தத்தோட கலக்குற இடத்துக்கே போகாது. குட்டி குட்டியா 300 மில்லி இழுத்தா பாதி வீண். அதனாலதான் நிதானமா, ஆழமா இழுக்கச் சொல்றேன்.

உன் பையன் கிணத்துல முங்குநீச்சல் போட்டி போடுறான்ல, அவன்கிட்ட இதைக் கட்டாயம் சொல்லு. முங்குறதுக்கு முன்னாடி புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு வாங்கிட்டுப் போனா ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்கலாம்னு பசங்க நினைக்கிறாங்க. மூச்சு விடணும்கிற தவிப்பைப் பெரும்பாலும் கொண்டுவர்றது கார்பன் டை ஆக்ஸைடுதான், ஆக்சிஜன் குறையறது இல்லை. அதை முன்கூட்டியே வெளியேத்திட்டா தவிப்பு வர்றதுக்குள்ள ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போயிடும். எந்த அறிகுறியும் இல்லாம தண்ணிக்குள்ளேயே மயங்கிடுவாங்க. நல்லா நீச்சல் தெரிஞ்சவங்களே இப்படிச் செத்திருக்காங்க. தனியா முங்க விடவே விடாதே.

வீட்டுல பல்ஸ் ஆக்ஸிமீட்டர் வெச்சிருக்கேல்ல? நெயில் பாலிஷ், மருதாணி இருக்குற விரல்ல மாட்டாதே. கை ஜில்லுனு இருந்தா தேய்ச்சுச் சூடாக்கு. அஞ்சு நிமிஷம் அமைதியா உட்கார்ந்துட்டு மாட்டு, எண் ஒரு இடத்துல நின்னதும் பாரு. ஒண்ணு மட்டும் மறக்காதே. ஜன்னலைச் சாத்திட்டு உள்ளே ஜெனரேட்டரோ கரி அடுப்போ வெச்சு, அந்தப் புகையில தலைவலி, மயக்கம் வந்தா மீட்டரை நம்பாதே. கார்பன் மோனாக்ஸைடு ஏறின ரத்தத்தையும் அது 98-னுதான் காட்டும். உடனே எல்லாரையும் வெளியே கூட்டிட்டு வந்துடு.

வருஷக்கணக்கா பீடி குடிச்சோ, விறகுப் புகையிலயோ நுரையீரல் கெட்டுப்போன பெரியவங்களுக்கு, உதட்டைக் குவிச்சு மெதுவா ஊதுற மாதிரி மூச்சு விடக் கத்துக்கொடு. உள்ளே தேங்குன காத்து வெளியே வரும், இளைப்பு தணியும். அவங்களுக்கு எந்த எண் போதும்னு டாக்டர்கிட்டக் கேட்டுக்கோ. ஆக்சிஜன் மெஷின் வாடகைக்கு எடுத்திருந்தா அளவை நீயா கூட்டிடாதே, அவங்கள்ல சிலருக்கு அதிக ஆக்சிஜனே ஆபத்து.

மத்தவங்களுக்கு 94-க்குக் கீழே நின்னா அன்னைக்கே டாக்டரைப் பாரு. 90-க்குக் கீழே போனாலோ, உதடு நீலம் பாய்ஞ்சாலோ, நெஞ்சு வலிச்சாலோ, மூச்சுப் பயிற்சி செஞ்சு பார்ப்போம்னு உட்காராம 108-ஐக் கூப்பிடு.