‘இடைக்கிடை’ என்ற ஒரு சொல் போதுமா?



ஆங்கிலப் பாட அப்பியாசக் கொப்பிகளில் ஒகேஷனல், ஸ்பொரடிக், இன்டர்மிட்டென்ட், பீரியொடிக், இரட்டிக் ஆகிய ஐந்து சொற்களுக்கும் எதிரே ‘இடைக்கிடை’ என்ற ஒரே பொருள் எழுதப்பட்டிருப்பதை நான் பல தடவை கண்டிருக்கிறேன். பரீட்சைக்கு மனனம் செய்ய இது இலகுவானது. ஆனால் ஐந்தும் ஒன்றல்ல. அவற்றைப் பிரித்தறியத் தேவையான தமிழ் நம் வீட்டுப் பேச்சிலேயே இருக்கிறது என்பதே என் கருத்து.

முதலில் ‘ஒகேஷனல்’. சந்தர்ப்பம் என்ற பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து இது வந்தது. சந்தர்ப்பம் வாய்த்தால் மட்டும் நடப்பதை, அதாவது நாம் ‘எப்போதாவது’ என்று சொல்வதை இது குறிக்கும். எப்போதாவது வந்துபோகும் விருந்தாளிக்கு இச்சொல் பொருந்தும்.

‘இன்டர்மிட்டென்ட்’ என்பதிலும் இரண்டு இலத்தீன் கூறுகள் உள்ளன. ஒன்று ‘இடையே’, மற்றது ‘விடுதல்’. நாம் ‘விட்டுவிட்டு’ மழை பெய்கிறது என்கிறோமே, அதுதான் இது. தொடங்கி, நின்று, மீண்டும் தொடங்கும் ஒன்றுக்கே இச்சொல் உரியது.

‘பீரியொடிக்’ என்பதன் கிரேக்க மூலத்துக்குச் சுற்றிவரும் பாதை என்று பொருள். இங்கே ஒழுங்கு உண்டு. இரசாயனவியலில் நாம் படிக்கும் ஆவர்த்தன அட்டவணையின் ஆங்கிலப் பெயரில் இருப்பதும் இச்சொல்தான். மூலகங்களின் இயல்புகள் முறைப்படி திரும்பத் திரும்ப வருவதால் அப்பெயர் அமைந்தது. ‘இரட்டிக்’ இதற்கு நேர்மாறானது. அலைந்து திரிதல் என்ற மூலப்பொருளுடைய இச்சொல், நினைத்த நேரத்துக்கு வரும் பஸ்ஸுக்குப் பொருந்தும்.

‘ஸ்பொரடிக்’ என்பதன் வேர் கிரேக்க மொழியில் விதை தூவுதலைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. ‘அங்கொன்றும் இங்கொன்றுமாக’ என்ற நமது வழக்கே இதற்குச் சரியான தமிழ்.

இந்த வேறுபாடு பரீட்சைப் புள்ளிகளுக்கு மட்டும் உரியதன்று. பிள்ளைக்கு ‘இடைக்கிடை காய்ச்சல்’ என்று உம்மா சொன்னால் வைத்தியருக்கு அது போதாது. காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறதா, முறை வைத்து வருகிறதா, விட்டபின் வரவே இல்லையா என்று அவர் கேட்பார். மலேரியாவின் ஒரு வகையில் 48 மணித்தியாலத்துக்கு ஒரு முறையும், இன்னொரு வகையில் 72 மணித்தியாலத்துக்கு ஒரு முறையும் காய்ச்சல் திரும்பக்கூடும். அதனால்தான் தமிழில் ‘முறைக்காய்ச்சல்’ என்ற பெயர் வழங்கிற்று. டெங்கிலோ, காய்ச்சல் தணியும் வேளையிலேயே ஆபத்தான கட்டம் தொடங்கலாம். நாளை தாதியராகவும் வைத்தியராகவும் வரப்போகும் மாணவிகள் நம்மிடையே இருக்கிறார்கள். நோயாளியின் தமிழைக் கேட்டு நோய்க்குறிப்பை ஆங்கிலத்தில் எழுதப்போகிறவர்கள் அவர்களே.

நம் நாட்டின் மலேரியா வரலாறும் ‘ஸ்பொரடிக்’ என்ற சொல்லுக்கு விளக்கமாக நிற்கிறது. 1934-35இல் பெருங் கொள்ளைநோயாகப் பரவிய மலேரியா, 1963ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் 17 பேரிடம் மட்டுமே பதிவானது. அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த அந்த நிலையில், வீடுகளுக்கு நுளம்பு மருந்து தெளிப்பது நிறுத்தப்பட்டது. 1968, 1969ஆம் ஆண்டுகளில் இலட்சக்கணக்கானோர் மீண்டும் நோயுற்றனர். தூவிய விதை குறைவாக இருந்தாலும் முளைக்கும் அல்லவா? நீண்ட உழைப்பின் பின்னர், 2016 செப்டெம்பரில்தான் இலங்கை மலேரியா அற்ற நாடு என உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

ஆகவே இத்தகைய சொல்லைக் காணும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஒழுங்குண்டா? நின்று மீண்டும் தொடங்குகிறதா? இடத்தாலோ காலத்தாலோ சிதறியிருக்கிறதா?

இனி, பின்வரும் வாக்கியங்களுக்கு உரிய ஆங்கிலச் சொல்லை நீங்களே தெரிவுசெய்து பாருங்கள்.

1. காலையிலிருந்து மின்சாரம் விட்டுவிட்டு வருகிறது.
2. மூன்று மாதத்துக்கு ஒரு முறை தண்ணீர்த் தாங்கியைக் கழுவுகிறோம்.
3. மாமா எப்போதாவது கடிதம் எழுதுவார்.
4. மாவட்டத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நோயாளர் காணப்படுகின்றனர்.
5. அந்தக் கடையை நினைத்த நேரத்தில் திறப்பார்கள், நினைத்த நேரத்தில் பூட்டுவார்கள்.