நெட் இல்லாமல் பேராசிரியர் ஆகலாமா?

கேள்வி: நாளிதழில் பதினெட்டு ஆண்டுகள் நிருபராக இருந்துவிட்டேன். கல்லூரியில் இதழியல் சொல்லிக்கொடுக்க ஆசை. நெட் தகுதித் தேர்வு எழுதவில்லை. வழி உண்டா?

பதில்: உண்டு. உதவிப் பேராசிரியர் பதவிக்குத்தான் முதுகலையில் 55 சதவீத மதிப்பெண்ணும் நெட் அல்லது செட் தேர்ச்சியும் பொதுவாகக் கேட்பார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் ‘புரஃபசர் ஆஃப் பிராக்டிஸ்’ என்ற வாசலைத் திறந்தது. துறையில் 15 ஆண்டு அனுபவம் போதும், பட்டம் கட்டாயமில்லை. ஆனால் இது நிரந்தர வேலை அல்ல. ஒரே நிறுவனத்தில் அதிகபட்சம் நான்கு ஆண்டுகள்தான். வீட்டுக்கடன் இருந்தால் இதை நன்றாக யோசியுங்கள்.

தகுதி பற்றிய தயக்கம் மட்டும் வேண்டாம். 1908-ல் அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில் இதழியல் பள்ளியைத் தொடங்கிய வால்டர் வில்லியம்ஸ், கல்லூரிக்கே போகாத பத்திரிகையாளர். வகுப்பு ஆரம்பித்த அன்றே மாணவர்களை வைத்து ஒரு நாளிதழையும் கொண்டுவந்துவிட்டார்.

நீங்களும் அப்படியே ஆரம்பியுங்கள். கோட்பாடுகளை நடத்த அங்கே ஆள் இருப்பார்கள். நீங்கள் ஒரு விபத்துச் செய்தியை எழுதச் சொல்லுங்கள். இறந்தவரின் வயதை எந்த ஸ்டேஷனில் சரிபார்த்தாய், பெயருக்கு எந்த இனிஷியல் என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். அந்தப் பெயர் தப்பாக அச்சானால் அவர் வீட்டார் என்ன பாடுபடுவார்கள் என்பதை, நேரில் பார்த்த உங்களால்தான் சொல்ல முடியும்.

முதலில் உள்ளூர்க் கல்லூரியில் வாரம் இரண்டு வகுப்பு எடுத்துப் பாருங்கள். வேலையை அதன்பிறகு விடலாம்.