வண்ண மீன் தொட்டியில் அடிக்கடி மாற்றம் வேண்டாம்

கிணற்றடியிலோ வீட்டின் பின்புறத்திலோ நான்கைந்து சிமெண்ட் தொட்டிகளைக் கட்டி வண்ண மீன் வளர்ப்பது சிறு விவசாயிகளுக்கு ஏற்ற ஓர் உபதொழிலாகும். கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் ஆகிய குட்டி போடும் மீன்கள் நம் மாநிலத்தின் தட்பவெப்ப நிலைக்கு நன்கு ஒத்து வருகின்றன. சென்னை கொளத்தூர் போன்ற இடங்களில் இவற்றுக்கு விற்பனை வாய்ப்பும் உண்டு. ஆயினும் புதிதாக இத்தொழிலில் இறங்குவோரில் சிலர், தொடக்கத்திலேயே தாய் மீன்களை இழந்து தொட்டிகளைக் காலியாகப் போட்டு விடுகின்றனர். நோய் வந்தது, தீவனம் சரியில்லை, தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று காரணம் கூறுகின்றனர். உண்மையில் பல தொட்டிகளில் மீன்களைக் கொல்வது வளர்ப்பவரின் அளவு கடந்த அக்கறையே. இன்று ஒன்று, நாளை ஒன்று என்று தொட்டியில் ஓயாமல் செய்யும் மாற்றங்களை மீன்களால் தாங்க இயலாது.

எடுத்துக்காட்டாக, 1000 லிட்டர் தொட்டி ஒன்றை எண்ணிப் பாருங்கள். மீன் விட்டு இரண்டு மாதம் ஆகிறது. நீர் சற்று மஞ்சளாகத் தெரிகிறது. அழுக்காகிவிட்டது என்று எண்ணி, பாதி நீரை இறைத்து, ஆழ்துளைக் கிணற்று நீரை நேராகப் பாய்ச்சுகிறார் உரிமையாளர். மறுநாள் காலையில் மூன்று மீன்கள் செத்து மிதக்கின்றன. உடனே கடையில் சொன்ன நீல மருந்தை ஊற்றுகிறார். அடுத்த நாள் வடிகட்டிப் பஞ்சைக் குழாய் நீரில் வெளுக்கக் கசக்கி வெயிலில் காய வைக்கிறார். அதற்கடுத்த நாள் தீவனத்தை மாற்றுகிறார். வாரக் கடைசியில் தொட்டி காலி. எது தவறாயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. ஒரே வாரத்தில் நான்கு மாற்றங்களைச் செய்தவருக்கு அது தெரிய வழியும் இல்லை.

தொட்டியும் ஒரு வயலே

வயலில் இடும் அமோனியம் சல்பேட் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களால் நைட்ரேட்டாக மாற்றப்படுகிறது என்பதை விவசாயிகள் அறிவர். இதே வேலை மீன் தொட்டியிலும் நடைபெறுகிறது. மீன்கள் தங்கள் கழிவை அமோனியாவாகப் பெரும்பாலும் செவுள் வழியே வெளியேற்றுகின்றன. எஞ்சிய தீவனம் அழுகினாலும் அமோனியா உண்டாகும். இது மீனுக்கு நஞ்சு. ஒருவகை நுண்ணுயிர்கள் இதனை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே. அது இரத்தத்தில் கலந்து, பிராணவாயுவை எடுத்துச் செல்லும் ஆற்றலைக் குறைத்துவிடும். வேறொரு வகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டைக் கேடு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகின்றன.

இந்த நுண்ணுயிர்கள் நீரில் மிதப்பதைக் காட்டிலும் தொட்டிச் சுவரிலும், அடியிலுள்ள கூழாங்கல்லிலும், வடிகட்டிப் பஞ்சிலும் படலமாக ஒட்டி வாழ்கின்றன. கையால் தடவினால் வழுவழுப்பாகத் தெரிவது இப்படலம்தான். இதனை அழுக்கு என்று எண்ணித் தேய்த்துக் கழுவுவது, வயலின் மேல் மண்ணைச் சுரண்டி வெளியே கொட்டுவதற்கு ஒப்பாகும்.

புதுத் தொட்டியில் பொறுமை

புதிய சிமெண்ட் தொட்டியில் சுண்ணாம்பு கசிந்து நீரின் காரத்தன்மை மிகுதியாகும். எனவே நீர் நிரப்பி, வாழைத்தண்டுத் துண்டுகளைப் போட்டு ஊற வைத்து, சில நாட்களுக்கு ஒரு முறை நீரை வெளியேற்றி மீண்டும் நிரப்ப வேண்டும். இவ்வாறு இரண்டு மூன்று வாரங்கள் பதப்படுத்திய பின், தொட்டியை நன்கு கழுவி நல்ல நீரை நிரப்பிக் கார அமில நிலையைச் சோதிக்கவும். அதற்கான தாளும் கரைசலும் வண்ண மீன் கடைகளில் கிடைக்கின்றன. 7 முதல் 8 வரை இருந்தால் குட்டி போடும் மீன்களுக்கு ஏற்றது.

அதன் பின்னரும் தொட்டி முழுவதையும் ஒரே நாளில் மீன்களால் நிரப்பக் கூடாது. நுண்ணுயிர்கள் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். முதலில் சில மீன்களை மட்டும் விட்டு, குறைவாகத் தீவனமிட்டு வர வேண்டும். ஏற்கெனவே நன்கு நடக்கும் நோயற்ற தொட்டியிலிருந்து பழைய வடிகட்டிப் பஞ்சு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தால் இக்காலம் குறையும். இது தயிருக்கு உறை ஊற்றுவது போன்றது.

பாதி நீரை மாற்றினால் என்ன ஆகும்?

அமோனியா நீரில் இரண்டு வடிவங்களில் இருக்கிறது. ஒன்று கடும் நஞ்சு. மற்றொன்று அவ்வளவு கேடற்றது. எது மிகுந்திருக்கும் என்பதைக் கார அமில நிலையும் வெப்பமும் முடிவு செய்கின்றன. 28 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், கார அமில நிலை 7 ஆக இருந்தால் மொத்த அமோனியாவில் நஞ்சு வடிவம் 1 சதத்திற்கும் குறைவு. அது 8 ஆனால் ஏறக்குறைய 6 சதம். 9 ஆனால் ஏறக்குறைய 40 சதம்.

தொடர்ந்து அமோனியம் சல்பேட் இட்ட நிலம் நாளடைவில் புளித்துப் போவதுபோல, பழைய தொட்டி நீரின் காரத்தன்மையும் மெல்லக் குறைந்து வரும். அதனால் சிறிது அமோனியா சேர்ந்திருந்தாலும் மீன்கள் தாக்குப்பிடிக்கின்றன. இந்நிலையில் பாதி நீரை இறைத்து, காரம் மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றுகிறோம் என்று கொள்வோம். அமோனியா பாதியாகக் குறைகிறது. ஆனால் கார அமில நிலை 7-லிருந்து 8-க்கு ஏறுமானால், நஞ்சு வடிவத்தின் பங்கு ஒன்பது மடங்கு கூடுகிறது. கழித்துப் பார்த்தால் நஞ்சு முன்பைவிட நான்கு மடங்குக்கு மேல்! நீர் பார்வைக்குத் தெளிவாக இருக்கும். மீன்கள் மட்டும் சாகும். நாம் மேலே கண்ட தொட்டியில் நடந்ததும் இதுவாக இருக்கலாம்.

நீர் மாற்றும் முறை

நீரை மாற்றாமலே விடுவதும் தவறு. நைட்ரேட்டும் உப்புகளும் சேர்ந்துகொண்டே போகும். சிறுகச் சிறுக, தவறாமல் மாற்றுவதே சரியான முறை.

வாரம் ஒரு முறை, குறித்த நாளில், 10 முதல் 20 சதம் நீரை மட்டும் மாற்றவும். 1000 லிட்டர் தொட்டிக்கு இது 100 முதல் 200 லிட்டர். ரப்பர் குழாயால் அடிக்கழிவை உறிஞ்சி எடுத்தால் கழிவும் நீரும் ஒருங்கே வெளியேறும். இந்நீரைத் தென்னைக்கும் காய்கறிப் பாத்திக்கும் பாய்ச்சலாம். இதில் தழைச்சத்து உண்டு. ஆனால் உப்பு இட்ட தொட்டியின் நீரையும் மருந்து இட்ட தொட்டியின் நீரையும் பாத்திக்கு விட வேண்டாம்.

ஆழ்துளைக் கிணற்று நீரில் பிராணவாயு குறைவு; கரியமில வாயு மிகுதி. குழாய் நீரில் குளோரின் இருக்கும். ஆகவே எந்த நீரையும் திறந்த தொட்டியில் குறைந்தது ஒரு நாள் தேக்கி வைத்து, காற்றுக்குழாய் விட்டு, பின்னரே மெதுவாகச் சேர்க்கவும். புது நீருக்கும் தொட்டி நீருக்கும் வெப்ப வேறுபாடு 2 டிகிரிக்கு மேல் இல்லாமல் பார்த்துக்கொள்ளவும். நண்பகலில் வெயிலில் கிடந்த குழாயிலிருந்து வரும் முதல் நீரைத் தொட்டியில் விடவே கூடாது.

கோடையில் ஆவியாகும் நீரை அன்றாடம் சிறிதளவு ஊற்றி ஈடு செய்யவும். நீர் ஆவியானாலும் உப்புகள் தொட்டியிலேயே தங்கிவிடுவதால், இது வாராந்திர நீர் மாற்றத்திற்கு ஈடாகாது. வடகிழக்குப் பருவமழையின் போது கனமழை நேராகத் தொட்டியில் விழுந்தால் நீரின் வெப்பமும் தன்மையும் ஒரே இரவில் மாறிவிடும். எனவே மேலே கூரையும், வலை கட்டிய வழிந்தோடு குழாயும் அவசியம்.

பல மாதங்கள் நீர் மாற்றாத தொட்டி ஒன்று இருந்தால், அதனை ஒரே நாளில் சீர்செய்ய முயல வேண்டாம். இரண்டு நாட்களுக்கு ஒரு முறை 10 சதம் வீதம் மாற்றிப் படிப்படியாக வழிக்குக் கொண்டு வரவும்.

வடிகட்டி, தீவனம், மருந்து

வடிகட்டிப் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே இலேசாகப் பிழிந்து மீண்டும் வைக்கவும். குழாய் நீரும் வெயிலும் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். இரண்டு பஞ்சுகள் இருந்தால் ஒரு வாரம் ஒன்றும், அடுத்த வாரம் மற்றொன்றுமாகச் சுத்தம் செய்யவும். சுவரில் பாசி மிகுந்தால் ஒரு பக்கத்தை மட்டும் துடைத்து, மற்ற பக்கங்களை விட்டுவிடவும்.

ஐந்து நிமிடத்தில் மீன்கள் தின்று முடிக்கும் அளவே தீவனமிட வேண்டும். தீவன வகையை மாற்ற நேர்ந்தால், பழையதோடு புதியதைச் சிறிது சிறிதாகக் கலந்து ஒரு வாரத்தில் முழுமையாக மாற்றவும்.

நோய் இன்னதென்று தெரியாமல் மருந்து இட வேண்டாம். நுண்ணுயிர்க் கொல்லி மருந்துகள் நன்மை செய்யும் நுண்ணுயிர்களையும் அழிக்கக் கூடும். நோயுற்ற மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி அங்கேயே மருத்துவம் செய்வது நல்லது. வாங்கி வரும் புது மீன்களையும் இரண்டு மூன்று வாரங்கள் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பின்னரே மற்ற மீன்களுடன் சேர்க்கவும்.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்

ஒரு புதிய உரத்தைச் சோதிக்கும்போது ஒரு பாத்திக்கு உரமிட்டு, பக்கத்துப் பாத்தியை இடாமல் விட்டு ஒப்பிட்டுப் பார்க்கிறோம். தொட்டியிலும் இம்முறையைக் கையாளுங்கள். புதிய தீவனமோ புதிய வடிகட்டியோ, எதுவாயினும் முதலில் ஒரு தொட்டியில் மட்டும் செய்து பாருங்கள். மற்றத் தொட்டிகளில் கை வைக்க வேண்டாம். ஒரு மாற்றம் செய்தபின் குறைந்தது ஒரு வாரம் பொறுத்திருந்து, பலன் தெரிந்த பிறகே அடுத்ததைத் தொடவும்.

ஒவ்வொரு தொட்டிக்கும் எண் இட்டு, குறிப்பேடு ஒன்றில் நாள், நீரின் வெப்பம், கார அமில நிலை, மாற்றிய நீரின் அளவு, இறந்த மீன்கள், பிறந்த குஞ்சுகள் ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். கை துறுதுறுக்கும் போது தொட்டியைத் தொடாமல் குறிப்பேட்டைப் புரட்டுங்கள்.

உடனே செயல்பட வேண்டிய நேரங்கள்

பொறுமை என்பது பாராமுகம் ஆகிவிடக் கூடாது. அன்றாடம் விடியற்காலையில் தொட்டிகளைச் சுற்றிப் பார்க்கவும். மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து மூடினால் பிராணவாயு குறைவு என்று அறியலாம். அமோனியா, நைட்ரைட் மிகுந்தாலும் இவ்வாறு செய்யும். உடனே காற்றுக் குழாயை இயக்கி, தீவனத்தை நிறுத்தி, தேக்கி வைத்த நீரால் மெல்ல மெல்ல 20 சதம் மாற்றவும். மின்சாரம் இல்லையெனில் குவளையால் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருக்கலாம். இறந்த மீனை அப்போதே அகற்றவும்.

பயிருக்கு மருந்து தெளித்த கையையோ வாளியையோ தொட்டியில் இட்டுவிட்டால் காத்திருக்க நேரமில்லை. செயற்கை பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்துகள் மிகச் சிறிய அளவிலேயே மீன்களைக் கொல்லும். மீன்களை உடனே வேறொரு நல்ல தொட்டிக்கு மாற்றவும். மீன் தொட்டிக்கென்று தனி வாளியும் தனிக் குவளையும் வைத்துக்கொள்வது எப்போதும் நல்லது.

நட்ட நாற்றை நாள்தோறும் பிடுங்கி வேர் பிடித்ததா என்று பார்ப்பவர் எவரும் இல்லை. தொட்டிக்கும் வேர் பிடிக்கக் காலம் கொடுங்கள். வாரம் ஒரு முறை சிறிது நீர் மாற்றம், அளவான தீவனம், அன்றாடப் பார்வை ஆகிய மூன்றையும் தவறாமல் செய்து, மற்றவற்றில் கையைக் கட்டிக்கொள்ளும் விவசாயிகள் தாய் மீன்களைக் காப்பாற்றி நல்ல பலன் பெறலாம்.

பயிற்சி வினாக்கள்

1. வடிகட்டிப் பஞ்சைக் குழாய் நீரில் ஏன் கழுவக் கூடாது?
2. பழைய தொட்டியில் பாதி நீரை ஒரே நேரத்தில் மாற்றினால் அமோனியா குறைந்தும் மீன்கள் சாவது ஏன்?
3. உங்கள் தொட்டி எத்தனை லிட்டர் கொள்ளும்? வாரம் எத்தனை லிட்டர் மாற்ற வேண்டும்?
4. சென்ற மாதம் உங்கள் தொட்டியில் செய்த மாற்றங்கள் யாவை? அவற்றில் தேவையில்லாதவை எத்தனை?