பழைய செங்கல் வீட்டுக்கு வெளிப்புற வெப்பக்காப்பும் புதிய மேற்பலகையும்

டொராண்டோ நகரில் இரண்டாம் உலகப் போருக்கு முன் எழுந்த வீடுகளில் பல, இரட்டைச் செங்கல் சுவரால் ஆனவை. அதாவது, இரண்டு செங்கல் அடுக்குகள் சுண்ணாம்புச் சாந்தால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டு, ஏறத்தாழ 200 மி.மீ. தடிமனுள்ள ஒரே சுவராக நின்று, தளங்களின் பாரத்தையும் கூரையின் பாரத்தையும் தாங்குகின்றன. வெப்பம் கடந்து செல்வதை ஒரு பொருள் எவ்வளவு எதிர்க்கிறது என்பதை அளக்கும் ஆர் மதிப்பு, உட்பூச்சையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் இத்தகைய சுவருக்கு ஏறத்தாழ 4 மட்டுமே; 100 மி.மீ. தடிமனுள்ள பாறைப்பஞ்சுப் பலகை, அதாவது உருக்கிய பாறையை இழையாக்கி அழுத்திச் செய்த ராக்வூல், தனியாகவே 16 அளவுக்குத் தருகிறது.

வெப்பக்காப்பை உட்புறம் வைப்பது மலிவாகத் தோன்றினாலும், அது வீட்டின் சூடு செங்கல்லை எட்டவிடாமல் தடுத்துவிடுவதால், மழையில் ஊறிய கல் உலராமல் உறைந்து, உறைந்த நீர் விரிந்து, கல்லின் முகம் செதில் செதிலாக உதிரும் நிலை ஏற்படக்கூடும். வெளிப்புறக் காப்பு கல்லைச் சூடாகவும் மழைபடாமலும் வைத்திருக்கிறது. செங்கல்லின் அழகை இழக்க விரும்பாதவர்கள் உள்ளேதான் காப்பு இடவேண்டும் என்பது உண்மையே. ஆனால் முகம் ஏற்கெனவே உதிர்ந்தோ, பலமுறை வண்ணம் பூசப்பட்டோ கெட்டுவிட்ட சுவருக்கு வெளிக்காப்பே தக்கது.

முதலில் செய்யவேண்டியது சுவரின் இனத்தை அறிவது. ஐந்தாறு வரிசைகளுக்கு ஒருமுறை, கல்லின் நீளப்பக்கம் தெரியாமல் சிறிய முனைப்பக்கம் மட்டும் தெரியும் குறுக்குக்கற்கள் வந்தால், அது பெரும்பாலும் இரட்டைச் சுவர். எல்லா வரிசையிலும் நீளப்பக்கமே தெரிந்து, அடிவரிசையில் நீர் வடியும் சிறு துளைகளும் இருந்தால், அது மரச்சட்டத்துக்கு முன்னே போர்த்திய ஒற்றைச் செங்கல் போர்வையாக இருக்கும். அத்தகைய சுவரில் செங்கல்லுக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்றோடும் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியின் மேலும் கீழும் அடைக்கப்படாமல் வெளியே காப்பை ஒட்டினால், குளிர்காற்று காப்புக்குப் பின்னாலேயே ஓடி, செலவு முழுவதையும் வீணாக்கிவிடும். ஐயம் இருந்தால், உட்புறத்தில் ஓரிடத்தைத் திறந்து பார்த்துவிட வேண்டும்.

அனுமதி, எரிவாயு அளவி, மின்கம்பி நுழைவு, உலர்த்தியின் வெளியேற்றுக் குழாய் ஆகியவை அடுத்து வருபவை. எரிவாயு அளவியை வழங்கு நிறுவனமும் மின் நுழைவை உரிமம் பெற்றவருமே நகர்த்தலாம். கேபேஜ்டவுன் போன்ற பாரம்பரியப் பாதுகாப்பு வட்டாரங்களில் முகப்புச் செங்கல்லை மூடுவதற்கு நகராட்சியின் தனி ஒப்புதல் தேவை. பக்கத்து மனையை ஒட்டிய சுவர்களுக்குத் தீ விதிகள் கடுமையானவை. அங்கே எரியாத காப்பையும் எரியாத மேற்பலகையையும் தவிர வேறெதையும் எண்ணலாகாது. 2017 ஜூன் 14 அன்று இலண்டனின் கிரென்ஃபெல் கோபுரத்தில் எரியக்கூடிய உறைப்பலகை வழியாகத் தீ ஏறி 72 உயிர்களைக் கொண்டுபோனதை அறிந்த பின்னும், சில நூறு டாலர் மிச்சத்துக்காக வீட்டைச் சுற்றி எரியும் நுரைப்பலகையைப் போர்த்துவதற்கு நியாயம் ஏதும் இல்லை. பாறைப்பஞ்சு எரியாது என்பதோடு, நீராவியைக் கடக்கவிடுவதால் சுவர் வெளிப்புறமாக உலரவும் வழி தருகிறது.

உதிர்ந்த மூட்டுகளைச் சுண்ணாம்புச் சாந்தால் நிரப்பி, சன்னல், கதவுகளுக்கு மேலுள்ள சுவரைத் தாங்கும் துருவேறிய இரும்பு லிண்டல்களைச் சீராக்கிய பின், செங்கல்லின் முகத்தில் காற்றுத்தடுப்புப் பூச்சை இடவேண்டும். திரவமாகப் பூசப்பட்டு ரப்பர் போல இறுகும் இப்பூச்சு காற்றையும் நீரையும் தடுக்கவேண்டும், நீராவியை விடவேண்டும். வாங்கும்போது இந்த மூன்றையும் கேட்டு வாங்குவது அவசியம்.

பெரும்பாலான வேலைகள் கெடுவது சன்னல்களில்தான். செங்கல் வீட்டில் சன்னலின் நிலைச்சட்டம் சுவர்முகத்திலிருந்து உள்வாங்கி நிற்கும். சுவர்முகத்தின்மேல் காப்பும், மேற்பலகையைத் தாங்கும் ரீப்பர் சட்டமும், பலகையும் சேரும்போது சன்னல் ஒரு குகைக்குள் அமைந்ததுபோல் ஆகிவிடுகிறது. காப்பைத் திறப்பின் விளிம்போடு நிறுத்திவிட்டால், பக்கச்சுவரின் வெறுஞ்செங்கல் வழியே குளிர் உள்ளேறி, சட்டத்தைச் சுற்றி நீர் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். பழைய சன்னலை வைத்துக்கொள்வதானால், திறப்பின் பக்கங்களிலும் மேற்பக்கத்திலும் குறைந்தது 25 மி.மீ. காப்பை உள்மடித்துச் சட்டம் வரை கொண்டுபோக வேண்டும். அதற்கு இடமில்லாத அளவு சட்டம் மெலிந்திருந்தால், சன்னலையும் மாற்றுவதே முறை. மாற்றும்போது, ஒட்டுப்பலகையால் ஒரு பெட்டி செய்து திறப்புக்குள் பொருத்தி, அதைக் காப்பின் முகம்வரை நீட்டி, புதிய சன்னலை அதில் வெளிப்புறமாகத் தள்ளி வைப்பது மேலானது. செங்கல்லில் பூசிய காற்றுத்தடுப்பு பெட்டியின்மேலும் முறிவின்றித் தொடரவேண்டும்.

நீரைத் தடுக்கும் வரிசை மாறவே கூடாதது: முதலில் அடிப்பகுதி, பிறகு பக்கங்கள், கடைசியில் தலைப்பகுதி. கூரையில் ஓடு வேய்வதுபோல, மேலுள்ள ஒவ்வோர் அடுக்கும் கீழுள்ளதன்மேல் கவிய வேண்டும். தலைகீழாக ஒட்டப்பட்ட ஒரே ஒரு நீர்த்தடுப்பு நாடா போதும், நீரைச் சுவருக்குள் கொண்டுசேர்க்க. அடிப்பகுதியை வெளிப்புறம் நோக்கிச் சரித்து, உட்புற விளிம்பில் நீர் பின்னேறாமல் ஒரு சிறு மேடு வைத்து, இரு மூலைகளிலும் நாடாவை மேல்நோக்கி மடிக்க வேண்டும். சன்னலை வைத்தபின் பக்கங்களையும் தலையையும் மட்டுமே நாடாவால் அடைக்க வேண்டும். வெளிப்புறத்தின் கீழ்விளிம்பைத் திறந்தே விடவேண்டும். எல்லாப் பக்கமும் சீலன்ட் இட்டால் பாதுகாப்பு என்று எண்ணிக் கீழேயும் அடைப்பவர்கள், எப்படியும் உள்ளே நுழையும் சிறிதளவு நீருக்கு வெளியேறும் ஒரே வழியை மூடிவிடுகிறார்கள். சீலன்ட் சில ஆண்டுகளில் வெடிக்கும், கவிந்த அடுக்கோ வெடிப்பதற்கில்லை. ஆகையால் சீலன்டை மட்டும் நம்பிய எந்த மூட்டும் முடிந்த வேலையாகாது.

சன்னலின் தலையில் வளைத்த உலோகத் தகடும், அடியில் பலகையின் முகத்தைத் தாண்டி 25 மி.மீ. நீளும் தகடும் தேவை. அடித்தகட்டின் முனைகளை மேலே மடிக்காவிட்டால், நீர் பக்கவாட்டில் வழிந்து பலகைக்குப் பின்னால் இறங்கிவிடும். நுனியைக் கீழ்நோக்கி மடித்துச் சொட்டு விளிம்பு அமைத்தால்தான் நீர் சுவரை நக்காமல் விழும். பலகை ஏறுவதற்கு முன் ஒவ்வொரு சன்னலின்மீதும் குழாய்நீரை, கீழிருந்து தொடங்கி மெல்ல மேலேற்றிப் பீய்ச்சி, உள்ளே ஒருவரை நிறுத்திப் பார்க்கச் செய்வது கட்டாயம்.

காப்புப் பலகைகளை மூட்டுகள் ஒரே கோட்டில் விழாதபடி மாற்றி மாற்றி அடுக்கி, அவற்றின்மேல் 19 மி.மீ. தடிமனுள்ள ரீப்பர்களைச் செங்குத்தாக, 400 மி.மீ. இடைவெளியில் வைத்து, நீண்ட திருகுகளால் செங்கல்லோடு பிணைக்க வேண்டும். காப்பு 100, ரீப்பர் 19, செங்கல்லுக்குள் இறங்குவது 38 எனக் கூட்டினால் 157 மி.மீ. வருவதால், 160-க்குக் குறைந்த திருகு உதவாது. பழைய சுண்ணாம்புச் சாந்து மென்மையானது. திருகு கல்லுக்குள்ளேயே இறங்கவேண்டும், மூட்டுக்குள் அல்ல. துளையிடும்போது சுத்தியல் அதிர்வை நிறுத்தி, சுழற்சியால் மட்டும் துளைப்பதே பழைய கல்லுக்கு ஏற்றது. அதிர்வு கல்லின் உள்ளே விரிசல் விட்டுத் திருகின் பிடியைக் குலைக்கும். சுவரின் பல இடங்களில் சில திருகுகளை முன்கூட்டியே இறக்கி இழுத்துப் பார்த்து, பிடிப்பு போதாத இடத்தில் திருகுகளை நெருக்கி வைக்கலாம்.

பழைய சுவர் எங்கும் நேராக இராது. இதைச் சரிசெய்யும் எளிய வழி பாறைப்பஞ்சின் இயல்பிலேயே உண்டு: அது சற்று அமுங்கும். இரு ஓர ரீப்பர்களைத் தூக்குக்குண்டு பார்த்து நிறுத்தி, இடையே நூல் கட்டி, மற்றவற்றின் திருகுகளை நூலைத் தொடும்வரை இறுக்கியோ தளர்த்தியோ முகத்தை ஒரே சமதளத்துக்குக் கொண்டுவரலாம். மின்திருகியைக் கடைசிவரை அழுத்துவோருக்கு முகம் அலையலையாகவே வரும். கடைசிச் சுற்றுகளைக் கையால் திருகுவதே விதி.

மேற்பலகை பொருத்துவது பழகிய தச்சருக்குக் கடினமன்று. நார்ச்சிமென்ட் பலகையே தேர்வுக்குரியது. ஆனால் அதை அறுக்கும்போது எழும் சிலிக்காத் தூள் நுரையீரலுக்குக் கேடாதலால், தூசு உறிஞ்சியும் முகமூடியும் இன்றி அறுக்கலாகாது. ரீப்பர்களுக்கு இடையே உள்ள 19 மி.மீ. வெளி, நீர் வடியவும் காற்றோடவும் உரியது. கீழும் மேலும் பூச்சி நுழையாத வலை இட்டு அதைத் திறந்தே விடவேண்டும். பலகையின் அடி, தரையிலிருந்து 200 மி.மீ. உயரத்தில் நிற்கவேண்டும். சுவர் தடித்துவிட்டதால் இறவாரம் குறுகியிருக்கும். நீர்த்தாரை புதிய முகத்தைத் தாண்டி விழுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இறுதியாக ஒன்று: காற்றுப் புகாத வீட்டில், புகைபோக்கி வழியே இயல்பாக மட்டும் புகையை வெளியேற்றும் எரிவாயு நீர்ச்சூடாக்கி, சமையலறை விசிறி ஓடும்போது நச்சுப்புகையை வீட்டுக்குள்ளேயே திருப்பிவிடக்கூடும். வேலை முடிந்ததும், முதல் குளிர் இறங்குவதற்குள், உரிமம் பெற்ற எரிவாயுத் தொழில்நுட்பரை அழைத்து அதைச் சோதிக்கவும், ஒவ்வொரு மாடியிலும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி பொருத்தவும் வீட்டுக்காரர் தவறலாகாது.