கேலிப்பர் கோணலாகத் தெரிகிறதா?

அன்புள்ள ஸ்ரீரங்கம் வாசகருக்கு,

வீட்டு வாசலிலேயே முன் சக்கர பிரேக் பேடை மாற்றியிருக்கிறீர்கள். மாற்றிய பிறகு கேலிப்பர் கோணி நிற்பதாகவும், டிஸ்க்குக்கு உள்பக்கம் ஒரு இடைவெளி, வெளிப்பக்கம் வேறொரு இடைவெளி தெரிவதாகவும் எழுதியிருந்தீர்கள். எதைத் தட்டி நேராக்குவது என்பது உங்கள் கேள்வி. தயவுசெய்து எதையும் தட்டாதீர்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தில் டிஸ்க்கின் மேல் ஒரு வீல் நட்கூட இல்லை. பாதி பதில் அதிலேயே இருக்கிறது. பெரும்பாலான கார்களில் டிஸ்க்கை ஹப்போடு சேர்த்து இறுக்கிப் பிடிப்பது சக்கரமும் அதன் நட்டுகளும்தான். சக்கரம் கழன்றதும் டிஸ்க் தளர்ந்து லேசாகச் சாய்ந்துவிடும். பார்ப்பவருக்குக் கேலிப்பர் கோணியதுபோல் இருக்கும். எதிரெதிராக இரண்டு நட்டுகளை வாஷர் கொடுத்து இறுக்கிவிட்டு மறுபடி பாருங்கள். டிஸ்க்கையும் கழற்றியிருந்தால், ஹப் முகத்தில் ஒட்டியிருக்கும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். அங்கே ஒரு சிறு துருச்சில்லு இருந்தாலும் டிஸ்க்கின் விளிம்பு தள்ளாடும். அது பிறகு பிரேக் மிதிக்கும்போது காலில் உதறலாகத் தெரியும்.

அப்படியும் இடைவெளி சமமாக இல்லையா? இருக்க வேண்டியதில்லை. உங்கள் காரில் உள்ளதுபோன்ற நகரும் வகைக் கேலிப்பரில் பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான். மிதித்ததும் அது உள் பேடைத் தள்ளும். அந்தத் தள்ளலின் எதிர்விசையில் கேலிப்பர் முழுவதும் இரண்டு ஸ்லைடு பின்கள் மேல் நகர்ந்து வெளி பேடை இழுத்து டிஸ்க்கில் அழுத்தும். நகர்வதற்கென்றே செய்த பொருள் ஓரிடத்தில் அளவெடுத்தாற்போல் நிற்காது. நேராக நிற்க வேண்டியது அதைத் தாங்கும் பிராக்கெட்தான். பிராக்கெட்டின் இரண்டு கைகளுக்கும் நடுவே டிஸ்க் இணையாக ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடாவிட்டால் பிராக்கெட் உட்காரும் இடத்தில் அழுக்கு இருக்கலாம், வேறு மாடல் டிஸ்க்காக இருக்கலாம், வீல் பேரிங்கே ஆடலாம். பேரிங் என்றால் வாசலில் வேலை வேண்டாம், மெக்கானிக்கிடம் போய்விடுங்கள்.

பின்களை ஒவ்வொன்றாக உருவிப் பாருங்கள். கைவிரலால் தள்ளினால் வழுக்கிப் போக வேண்டும். துருவோ பள்ளமோ இருந்தால் மாற்றுங்கள். சில கார்களில் மேல் பின்னும் கீழ் பின்னும் ஒன்றல்ல, ஒன்றில் ரப்பர் உறை இருக்கும். இடம் மாற்றிப் போட்டால் இறுகிக்கொள்ளும். பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸைத் தடவாதீர்கள், ரப்பர் பூட் ஊதிப்போகும். இதற்கென்று சிலிக்கான் கிரீஸ் விற்கிறது.

ஒரு பக்கப் பிடி மாறினால் வண்டி என்ன செய்யும் என்பதை உங்கள் ஊர்க்காரருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சித்திரைத் தேர் திரும்பும்போது முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் கட்டையால் தேரை நிறுத்துவது மட்டுமில்லை, திருப்பவும் செய்கிறார்கள். திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்பு அச்சும் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது திருச்சி பெல் தொழிற்சாலை. அத்தனை பெரிய பிரேக் வந்த பிறகும் அங்கே முட்டுக்கட்டைக்காரர்களுக்கு வேலை போகவில்லை. காரில் இந்தத் திருப்பம் நாம் கேட்காமலே நடக்கும். வலது கேலிப்பர் பிடிக்காமல் போனால், மிதிக்கும்போது வண்டி இடது பக்கம் இழுக்கும். அதே வலது கேலிப்பர் பிடித்தபின் விடாமல் இருந்தால், காலை எடுத்த பிறகும் வலது பக்கம் இழுக்கும், அந்தச் சக்கரம் மட்டும் கொதிக்கும்.

கழற்றிய பழைய பேடுகளைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே? எந்த மெக்கானிக்கையும்விட அவற்றைத்தான் நான் நம்புவேன். உள் பேட் தேய்ந்து வெளி பேட் புதிதுபோல் இருந்தால், கேலிப்பர் பின்னில் நகரவில்லை என்று பொருள். பிஸ்டன் முழுதாகப் பின்வாங்காவிட்டாலும் இப்படி ஆகும். ஒரே பேட் ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் சரிவாகத் தேய்ந்திருந்தால், இரண்டு பின்களில் ஒன்று மாட்டியிருக்கிறது, அல்லது பேடின் காது பிராக்கெட் கிளிப்பில் சிக்கியிருக்கிறது. இதைச் சரிசெய்யாமல் புதிய பேட் போட்டால் அதுவும் அப்படியேதான் தேயும்.

மாட்டும்போது கேலிப்பரை ஹோஸில் தொங்கவிடாதீர்கள், கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டி வையுங்கள். போல்ட்டுகளைக் கார் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ஸ்பேனரால் இறுக்குங்கள். வண்டி ஜாக்கி மேல் மட்டும் நிற்கக் கூடாது, கீழே ஸ்டாண்ட் வேண்டும். செங்கல் அடுக்குவது வேண்டவே வேண்டாம்.

பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பதால் முதல் மிதியில் பிரேக் தரை வரை போகும். எஞ்சினைக் கிளப்பும் முன் பெடல் கெட்டியாகும்வரை மிதித்து மிதித்து விடுங்கள், பிறகு பிரேக் ஆயில் மட்டத்தைப் பாருங்கள். காவிரிப் பாலத்து நெரிசலில் சோதனை ஓட்டம் வேண்டாம். விடியற்காலையில் காலித் தெருவில் மெதுவாக ஓட்டி, சில முறை நிதானமாகப் பிரேக் பிடித்து, இறங்கி இரண்டு முன் சக்கரங்களின் பக்கத்திலும் கையை நீட்டிச் சூட்டைப் பாருங்கள். டிஸ்க்கைத் தொடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் அந்தப் பக்கத்துப் பின்களை மறுபடி உருவ வேண்டியிருக்கும்.

அன்புடன்,
உங்கள் பத்தியாளர்