போர்க்கொள்ளையும் கலைப்பொருள் வாணிகமும்

நேபுகாத்நேச்சார் எருசலேம் ஆலயத்தினின்று பாபிலோனுக்குக் கவர்ந்துசென்ற பொன், வெள்ளிப் பணிமுட்டுகளைப் பாரசீக மன்னனாகிய கோரேசு பின்னர் எண்ணி ஒப்புவிக்கச் செய்தான். அவற்றின் தொகை 5,400 என எஸ்றாவின் ஆகமம் கூறும். கொள்ளைப்பொருள் உரியோரை அடைதற்குத் திருப்பியளிக்கும் நல்லெண்ணமேயன்றி எண்ணிவைத்த கணக்கும் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

அப்பாபிலோன் இருந்த நாடே இன்றைய ஈராக்கு. 2003 ஏப்ரல் திங்களில் பாக்தாது நகரம் வீழ்ந்தபொழுது, ஆங்குள்ள தேசியப் பொருட்காட்சிச்சாலையினின்று ஏறத்தாழ 15,000 பொருள்கள் களவு போயின. அவற்றுள் ஐயாயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த வார்க்காக் கற்கலம் அவ்வாண்டு ஜூன் திங்களிலேயே மீண்டது. உலகறிந்த பொருளை வெளிப்படையாக விற்றல் அரிது. ஆயின், காவலற்ற பழம்பதிகளைத் தோண்டிக் களவாடிய களிமண் ஏடுகளின் நிலை வேறு. அவற்றிற்குப் பதிவெண் இல்லை; படம் இல்லை; தோண்டினவனையன்றிக் கண்டாரும் இலர். அவை தமக்குரியன என்று இழந்த நாட்டார் மெய்ப்பிப்பது எங்ஙனம்?

இவ்விடர் நோக்கியே ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபை 2003 மே 22-ஆம் நாள் 1483-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. 1990 ஆகஸ்டு 6-ஆம் நாளுக்குப்பின் ஈராக்கினின்று முறையின்றி அகற்றப்பட்டனவென ஐயுறத்தக்க கலைப்பொருள்களின் வாணிகத்தைத் தடுக்குமாறு அது நாடுகளைப் பணித்தது. அவ்வாண்டே பிரிட்டன் பிறப்பித்த ஆணையோ, மெய்ப்பிக்கும் பொறுப்பையே இடம் மாற்றிற்று. அத்தகைய பொருளைக் கைமாற்றியவன், அது கடத்தப்பட்டதெனத் தான் அறியாமையையும், ஐயுறுதற்குக் காரணம் இன்மையையும் தானே நிறுவவேண்டியிருந்தது.

இத்தகைய விதி ஏன் வேண்டுமென்பதைக் கில்காமேசு காவியத்தின் ஒரு பகுதி பொறித்த ஏடொன்றின் வரலாறு தெளிவுறுத்தும். அது பொய்யான பூர்வோத்தரக் கடிதத்தின் துணையால் விலைபோயிற்று. 2014-ல் வாசிங்டன் நகரில் அமையவிருந்த வேதாகமப் பொருட்காட்சிச்சாலைக்கென 16 இலட்சம் டாலருக்கு மேற்பட்ட விலைக்கு வாங்கப்பட்டது. 2019-ல் அமெரிக்க அரசு அதனைக் கைப்பற்றியது. 2021-ல் ஈராக்கிடம் ஒப்புவித்தது.

வேதத்தின்பால் அன்புடையோரும் கொள்ளைப்பொருளைக் கொள்வோராதல் கூடும் என்பது நாம் கருதற்பாலது. கற்றோரும் இதற்கு விலக்கல்லர். ஏட்டைப் படித்து அதன் அருமையை எடுத்துரைக்கும் புலவன் அதன் விலையையும் உயர்த்துகின்றான். ஆதலின் ஏட்டில் எழுதியிருப்பது யாதென ஆராயுமுன், அஃது எவர் கையினின்று எவ்வழி வந்ததென வினவுதல் கற்றார் கடன். நேரிய விடை கிடையாவிடின், அதனை வாங்காதும் பாராட்டாதும் விடுதலே அறம்.