பல்லி முட்டை கருக்கட்டியதா?

மாணவர்களே, கோழிமுட்டையை ஒளியில் பிடித்துச் சோதிக்கும் முறையை அறிவீர்கள். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வடமேல் இந்தியா ஆகியவற்றின் வரண்ட நிலங்களுக்குரியதும், இன்று பல நாடுகளில் செல்லப்பிராணியாக வளர்க்கப்படுவதுமான சிறுத்தைப் பல்லியின் முட்டையும் அவ்வாறே சோதிக்கப்படும்.

இது ஒரு தடவையில் பெரும்பாலும் 2 முட்டைகள் இடும். ஆணுடன் சேராத பெண்ணும் முட்டையிடக்கூடும், அவை பொரிப்பதில்லை. ஏறக்குறைய ஒரு வாரத்தின் பின், இருட்டறையில் சிறிய ரோச் லைற்றை முட்டையோடு அணைத்துப் பிடியுங்கள். கருக்கட்டியதாயின் இளஞ்சிவப்பு நிறமும் மெல்லிய குருதிக்கலன்களும் தெரியும். கருக்கட்டாதது முழுவதும் மஞ்சளாகவே இருக்கும். ஐயமாயின் எறிந்துவிடாது, சில நாட்களின் பின் மீண்டும் பார்க்க வேண்டும்.

கவனிக்க: கோழி அடைகாக்கும்போது முட்டையைப் புரட்டும். பல்லி முட்டையைப் புரட்டலாகாது. (இரண்டையும் ஒன்றெனக் கருதி எழுதுவோர் பலர்!) இட்ட சிறிது காலத்திலேயே முளையம் கோதின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும், அதன்பின் புரட்டினால் இறக்கக்கூடும். ஆகவே முட்டையின் மேற்பக்கத்தில் பென்சிலால் அடையாளமிட்டு, அது மேலே இருக்கும்படியே சோதிப்பர்.

கோழிக்குஞ்சின் இலிங்கத்தை நிறமூர்த்தங்கள் தீர்மானிக்கும். இப்பல்லியிலோ வெப்பநிலையே தீர்மானிக்கும்: 26°C அளவில் பெரும்பாலும் பெண், 32.5°C அளவில் பெரும்பாலும் ஆண்.

பயிற்சி வினா: பல்லி முட்டையைச் சோதிக்கையில் பென்சில் அடையாளம் இடுவது ஏன்?